கேமராவுக்குத் தெரிந்த முகம்

என் கல்யாண ஆல்பத்தில் நான் தெளிவாக இல்லை. சொன்னால் சிரிக்கிறார்கள், எடுத்துக் காட்டினால் சிரிப்பு நின்றுவிடுகிறது. நடுவில் உட்கார்ந்திருக்கும் மணப்பெண் நான்தான். ஆனால் படம் எடுத்த பெண்மணி ஃபோகஸ் வைத்தது எனக்குப் பக்கத்தில் நின்ற லாத்தாவின் முகத்தில். லாத்தா என்றால் கூடப் பிறந்த அக்கா. சுண்டினால் ரத்தம் தெரிகிற நிறம். அவள் காதில் தொங்கும் கல் ஒவ்வொன்றும் தனித்தனியாக மின்னுகிறது. நான் சிவப்புப் பட்டுக்குள் ஒரு கலங்கலாக இருந்து சிரித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு படம், இரண்டு படம் என்றால் போகட்டும் என்று விடலாம். ஆல்பம் முழுக்க அப்படித்தான்.

நான் கறுப்பு. மாநிறம் என்று யாராவது இழுத்தால் எனக்கு எரிச்சல் வரும். 'கறுப்பே அழகு, காந்தலே ருசி' என்று ஆறுதல் சொன்னால் அதைவிட எரிச்சல் வரும். அடிப்பிடித்த சோற்றோடு சேர்த்துவைத்து ஒரு பெண்ணைப் புகழ எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

இப்போது நானே கல்யாணப் படம் எடுக்கிறேன். பெண்கள் பக்கம் மட்டும். ராமநாதபுரத்தை அடுத்த கடலோரத்தில் எங்கள் ஊர். இங்கே முஸ்லிம் வீட்டு விசேஷங்களில் பெண்கள் பக்கம் ஆண் போட்டோகிராபர் நுழைய முடியாது, அதனால் எனக்கு வேலை இருக்கிறது. இந்த வேலைக்கென்று ஒரு வழக்கம் உண்டு. விசேஷம் முடிந்ததும் கேமராவிலிருந்து மெமரி கார்டைக் கழற்றி, பெண்ணைப் பெற்ற உம்மாவின் கையில் அங்கேயே கொடுத்துவிட வேண்டும். ஆம்பளை உட்கார்ந்திருக்கும் எந்தக் கம்ப்யூட்டருக்கும் அது போகக் கூடாது. என்னிடமும் பிரதி இருக்காது. ஆகவே ஃபோகஸ் தப்பினால் தப்பியதுதான். அப்புறம் பார்த்துச் சரிசெய்துகொள்ளலாம் என்ற பேச்சு எங்கள் பக்கம் செல்லாது.

அதிலும் கருகமணி கட்டும் நேரம் இருக்கிறதே. எங்களுக்குத் தாலி கருகமணிதான். அதை மாப்பிள்ளை கட்ட மாட்டார். ஆண்கள் பக்கம் நிக்காஹ் முடிந்ததும் மாப்பிள்ளையின் உம்மா பெண்கள் பக்கம் வந்து மணப்பெண்ணின் கழுத்தில் கட்டுவார். அந்த நேரத்தில் வந்திருக்கும் பெண்கள் அத்தனை பேரும் மணப்பெண்ணைச் சுற்றி மொய்த்துவிடுவார்கள். கொஞ்சம் விலகுங்கள் என்றால், "ஏன், எங்க மூஞ்சி படத்துல விழுந்தா ஆகாதாக்கும்?" என்பார்கள். கேமராவை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கி, திரையைக் கீழ்ப்பக்கமாகச் சாய்த்து, அண்ணாந்து பார்த்தபடி எடுக்க வேண்டும். முழங்கையில் ஒருத்தி இடிப்பாள், காலை ஒருத்தி மிதிப்பாள். அந்த நிலையில் ஃபோகஸ் புள்ளியை விரலால் நகர்த்திக்கொண்டிருக்க முடியாது. கூட்டத்தில் எந்த முகம் முக்கியம் என்று கேமராதான் முடிவு செய்யும். அது யாரைப் பார்க்கிறதோ அவர்தான் அந்தக் கல்யாணத்தில் இருந்தவர்.

என் பழைய கேமராவை உப்புக்காற்று தின்றுவிட்டது. உள்ளே இருக்கும் கண்ணாடி மேலே போனது, கீழே இறங்க மறுத்துவிட்டது. சரி, கண்ணாடியே இல்லாத மிரர்லெஸ் வாங்கிவிடுவோம் என்று முடிவு செய்தேன். நேரமும் நெருக்கிக்கொண்டிருந்தது. அடுத்த கல்யாணம் லாத்தாவின் மகளுக்கு.

லாத்தா வயிற்றில் பிறந்தாலும் அந்தப் பிள்ளை என் நிறம், என் மூக்கு, என் நெற்றி. பிறந்த அன்றைக்குப் பார்க்க வந்தவர்கள் "சாச்சிய உரிச்சு வச்சிருக்கு" என்று சொல்லிவிட்டு அப்புறம் ஒன்றும் பேசவில்லை. சாச்சி என்றால் சின்னம்மா, அதாவது நான். அவர்கள் ஏன் பேசவில்லை என்று எனக்குத் தெரியும். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். எங்கள் வீட்டில் அந்தப் பழமொழி வேலை செய்யவில்லை. கடலைமாவு, பயத்தமாவு, கற்றாழை, டியூபில் வருகிற க்ரீம் என்று லாத்தா அந்தப் பிள்ளையின் முகத்தில் பூசாதது இல்லை. பிள்ளை படித்து முடித்து, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராகவும் ஆகிவிட்டாள். பூச்சு மட்டும் நிற்கவில்லை. அவளுடைய கல்யாணப் படத்திலாவது அவள் தெளிவாக இருக்க வேண்டும் என்று நான் மனதுக்குள் உறுதி எடுத்திருந்தேன். மற்றவர்கள் மங்கினால் மங்கட்டும், எனக்கென்ன.

வளைகுடாவில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர் கேமரா பற்றிய வீடியோக்களாக அனுப்பித் தள்ளினார். எல்லாவற்றிலும் ஒரு வெள்ளைக்காரன் இரண்டு கேமராக்களை மேஜையில் வைத்துக்கொண்டு பேசுகிறான். பிறகு ஒரு வெள்ளைக்காரி பூங்காவில் கேமராவை நோக்கி நடந்து வருகிறாள். அவள் கண் மேல் ஒரு சின்னச் சதுரக் கட்டம் ஒட்டிக்கொண்டு கூடவே வருகிறது. பிறகு ஒரு நாய் ஓடி வருகிறது. நாயின் கண்ணிலும் கட்டம்.

"பாத்தியா, ஆட்டோஃபோகஸ் என்னமா வேல செய்யுது!" என்றார் ஃபோனில்.

"அந்த வெள்ளைக்காரி நம்ம ஊருல யாரு மச்சான்? இல்ல, நாயிக்கு நிக்காஹ் படம் எடுக்கப் போறேனா?"

"ஒனக்கு எதச் சொன்னாலும் கோவம்" என்று வைத்துவிட்டார். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.

லாத்தாவையும் கூட்டிக்கொண்டு மதுரைக்குப் பஸ் ஏறினேன். கடையில் இரண்டு கேமராக்களை எடுத்து வைத்தார்கள். ஒன்று பருத்தது, மற்றது மெலிந்தது. அவற்றின் பெயர்கள் எழுத்தும் எண்ணுமாக வாயில் நுழையாமல் இருந்ததால் தடிச்சி, ஒல்லிக்குச்சி என்று நானே வைத்துக்கொண்டேன். வாங்க வந்தவள் நான், கேள்வி கேட்டவள் நான். கடைக்காரர் பதில் சொன்னதெல்லாம் லாத்தாவிடம். "இது கண்ணப் பிடிக்கிறதுல நம்பர் ஒன் மேடம்" என்றார். லாத்தாவுக்குக் கேமராவில் எது முன்பக்கம் என்பதே சந்தேகம். அவள் பாட்டுக்குத் தலையாட்டினாள். இந்த மனுஷனின் ஃபோகஸும் அங்கேதான் விழுகிறது என்று நினைத்துக்கொண்டேன். தடிச்சியை லாத்தாவுக்கு நேராகத் திருப்பினார். கட்டம் அவள் கண்ணில் ஈ உட்காருகிற மாதிரி உட்கார்ந்தது. தலையைத் திருப்பினாலும் விடவில்லை.

"இப்ப என்னயப் பாருங்க" என்று சொல்லிவிட்டு, வேண்டுமென்றே கண்ணாடிக் கதவுக்கு முன்னால் போய் நின்றேன். முதுகுக்குப் பின்னால் தெருவெயில். எங்கள் வீடுகளில் மணப்பெண்ணை உட்காரவைப்பது பெரும்பாலும் ஜன்னலை ஒட்டித்தான், அதனால் இது நியாயமான பரீட்சை. கட்டம் என் முகத்துக்கு வந்தது, தடுமாறியது, அப்புறம் பக்கத்துச் சுவரில் ஒட்டியிருந்த விளம்பரத்துப் பெண்ணின் கண்ணில் போய் நிம்மதியாக உட்கார்ந்துகொண்டது. அந்தக் காகிதத்துக்குக் கிடைத்த மரியாதை எனக்குக் கிடைக்கவில்லை.

"கலர் கம்மியா இருந்தா கொஞ்சம் திணறும். லைட்ல வந்து நிக்கச் சொல்லுங்க" என்றார். அதையும் லாத்தாவிடம்தான் சொன்னார்.

"எனக்கு ஒண்ணும் கம்மி இல்லங்க. ஒங்க மெஷினுக்குத்தான் கண்ணு கம்மி" என்றேன். கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். லாத்தா என் பர்தாவைப் பிடித்து இழுத்தாள். நான் அடங்கவில்லை. அந்தக் கடையில் வாடகைக்கும் கேமரா விடுவார்கள். இரண்டையும் வாடகைக்குக் கொடுங்கள், எங்கள் ஊரில் வைத்துப் பார்த்துவிட்டு எது தேறுகிறதோ அதை வாங்குகிறேன் என்றேன். அவர் முணுமுணுத்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தார்.

மறுநாள் காலையில் அக்கா மகளைக் கடற்கரைக்கு அழைத்துப்போனேன். வெயில் தண்ணீரில் பட்டுக் கண்ணைக் கூசவைத்தது. கரையேற்றிக் கிடந்த வள்ளங்களுக்கு நடுவே என்னை நோக்கி நடந்து வரச் சொன்னேன். வந்தாள். தடிச்சி முதலில் அவளைப் பிடித்தாள். பிறகு அவளுக்குப் பின்னால் மேய்ந்துகொண்டிருந்த வெள்ளாட்டைப் பிடித்தாள். ஆட்டின் கண்ணில் கட்டம் அசையாமல் நின்றது. திரும்பவும் நடக்கச் சொன்னேன். திரும்பவும் ஆடு. எனக்கு வந்த ஆத்திரத்தில் கேமராவைத் தூக்கிக் கடலில் எறிந்திருப்பேன், அடுத்தவன் பொருள் என்பதால் பிழைத்தது.

பிள்ளை பக்கத்தில் வந்து திரையை எட்டிப் பார்த்தாள். "ஆடு நல்லா விழுந்துருக்கு சாச்சி" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. நமக்கு இவ்வளவுதான் என்று பழகிப்போனவர்கள் சிரிக்கும் சிரிப்பு அது. என் கல்யாண ஆல்பத்தில் நான் சிரித்துக்கொண்டிருப்பதும் அதைத்தான்.

கடைத்தெருவில் தடிச்சி இன்னும் கேவலமாக நடந்துகொண்டாள். உயிரோடு எதிரே நின்ற பிள்ளையை விட்டுவிட்டு, ஃப்ளெக்ஸ் போர்டில் கும்பிட்டபடி நின்ற ஏதோ ஒரு கட்சிக்காரரின் கண்ணைப் பிடித்தாள். முகம் என்றால் எது என்று இந்தக் கேமராக்களுக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். சொன்னதைச் சொல்லும் கிளிப்பிள்ளை. சொல்லிக்கொடுத்தபோது எங்கள் முகத்தைக் காட்டியிருக்க மாட்டார்கள், அவ்வளவுதான் விஷயம். எங்கேயோ குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து ஒருவன் செய்த சோம்பேறித்தனம், எங்கள் ஊர்க் கடற்கரையில் ஒரு பெண்ணை ஆட்டுக்குப் பின்னால் நிறுத்துகிறது. எனக்குக் கோபம் வராமல் வேறு யாருக்கு வரும்?

ஒல்லிக்குச்சியும் ஒன்றும் யோக்கியம் இல்லை. வேகம் குறைவு, எதிர்வெயிலில் திணறத்தான் செய்தது. ஆனால் அதன் மெனுவுக்குள் ஓர் இடத்தில் முகப்பதிவு என்று இருந்தது. ஒரு முகத்தை முன்கூட்டிப் பதிந்துவைத்தால், எத்தனை பேர் நின்றாலும் அந்த முகத்தைத்தான் முதலில் தேடும். எனக்கு அது போதும். தடிச்சியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒல்லிக்குச்சியை வாங்கிவந்தேன்.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் ஒரு மத்தியானம். பிள்ளை பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, கிணற்றடியில் முகம் கழுவிவிட்டு நின்றாள். அப்படியே இரு என்று சொல்லி முகத்தைப் பதிந்தேன். நெற்றியில் தண்ணீர்கூடக் காயவில்லை. பிறகு லாத்தாவையும் அண்டைவீட்டுப் பெண்களையும் கூப்பிட்டு அவளைச் சுற்றி நிற்கவைத்தேன். கட்டம் நேரே பிள்ளையின் கண்ணுக்குப் போனது. அவளைப் பின்வரிசையில் நிற்கவைத்தேன். அங்கேயும் போனது. லாத்தாவை அவளுக்கு முன்னால் இழுத்துவிட்டேன். கட்டம் லாத்தாவைத் தாண்டிப் போய்ப் பிள்ளையின் கண்ணில் நின்றது. எனக்குத் தெரிந்து லாத்தாவை ஒரு கண் தாண்டிப்போனது அதுதான் முதல் தடவை.

"இனி எத்தன பேரு நின்னாலும் என்னயத்தான் பாக்குமா சாச்சி?"

"ஒன்னயத்தான் பாக்கும்."

அவள் மறுபடி மறுபடி கூட்டத்துக்குள் ஒளிந்து, எட்டிப் பார்த்துச் சிரித்தாள். இந்தச் சிரிப்பு வேறு. லாத்தா திரையைப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. கல்யாணத்தன்னைக்கு இதவிட நல்லா இருப்பா, பார்லர்ல சொல்லிவச்சிருக்கேன்" என்றாள். நான் இருந்த சந்தோஷத்தில் அது காதில் ஏறவில்லை.

கல்யாண நாளில் மாடி அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பார்லர் பெண் வேலை செய்தாள். யாரையும் உள்ளே விடவில்லை. நான் கீழே வந்தவர்களைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். நிக்காஹ் முடிந்தது என்று தகவல் வந்ததும் பிள்ளையை முக்காட்டோடு கூட்டிவந்து ஜன்னலோரம் உட்காரவைத்தார்கள். மாப்பிள்ளையின் உம்மா, தொண்டியிலிருந்து வந்தவர், தட்டிலிருந்து கருகமணியை எடுத்தார். பெண்கள் மொய்த்துவிட்டார்கள். நான் கேமராவைத் தலைக்கு மேலே தூக்கினேன். யாரோ முக்காட்டை விலக்கினார்கள்.

கட்டம் மாப்பிள்ளையின் உம்மா முகத்தில் போய் உட்கார்ந்தது. அப்புறம் லாத்தாவிடம் போனது. அப்புறம் உதட்டுச்சாயம் பூசிய ஒரு குழந்தையிடம் போனது. பிள்ளையின் மேல் மட்டும் ஒட்டவே இல்லை. முன்பின் தெரியாத ஆளைக் கடந்துபோகிற மாதிரி கடந்துபோனது. "கொஞ்சம் இருங்க மாமி" என்று கத்திவிட்டு, பேட்டரியைக் கழற்றி மறுபடி போட்டேன். லென்ஸைத் துடைத்தேன். பேய்க்கேமரா என்று வாய்விட்டுத் திட்டினேன். திரும்பவும் அதேதான்.

அப்போதுதான் கேமராவை இறக்கிவிட்டுப் பிள்ளையை நேராகப் பார்த்தேன். புதுச்சுவருக்குச் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருந்தாள். புருவத்தை மறைத்து வேறு புருவம் வரைந்திருந்தார்கள். மூக்கின் இரண்டு பக்கமும் கோடு இழுத்து மூக்கை மெலிய வைத்திருந்தார்கள். கண்ணுக்குள் சாம்பல் நிற லென்ஸ். கேமராவின் மேல் குற்றமே இல்லை. அந்த முகத்தை எனக்கே அடையாளம் தெரியவில்லை.

"என்ன சாச்சி?" என்றாள் அந்த முகத்துக்குள்ளிருந்து.

"ஒன்னயத் தெரியலங்குது" என்றேன். மழுப்பிச் சொல்ல எனக்கு வரவில்லை.

பார்லர் பெண்தான் யோசனை சொன்னாள். "அதுக்கென்னக்கா, இப்ப இருக்குற முகத்தப் பதிஞ்சுக்கங்க."

"ஆமா புள்ள" என்றாள் லாத்தா. "பழச அழிச்சிட்டுப் புதுசாப் பதி. எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காக."

மெனுவைத் திறந்தேன். பதிந்த முகம் சின்னதாகத் திரையில் வந்தது. கிணற்றடி முகம், நெற்றியில் தண்ணீர்ச் சொட்டு. இதை அழிக்கவா என்று கேமரா கேட்டது. விரலால் ஓர் அழுத்து அழுத்தினால் போதும். வேலையும் நடந்துவிடும், படமும் தெளிவாக விழுந்துவிடும். யாருடைய படம்?

"அழிக்க மாட்டேன்" என்று கத்தினேன். "பொறந்ததுலருந்து அழிச்சுக்கிட்டுத்தான இருக்கீக! மாவப் பூசி அழிச்சீக, க்ரீமப் பூசி அழிச்சீக. இன்னம் என்ன மிச்சம் இருக்குன்னு இதையும் அழிக்கச் சொல்றீக?"

சம்பந்தி வீட்டார் முன்னால் மானத்தை வாங்குகிறேன் என்று லாத்தா பல்லைக் கடித்தாள். வாங்கினேன்தான். பிள்ளை கையை நீட்டிக் கேமராவை வாங்கி அந்தச் சின்னப் படத்தைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு கேமராவை என்னிடம் கொடுத்துவிட்டு எழுந்தாள்.

"எங்கன போறவ?" என்றாள் லாத்தா. பக்கத்து அறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. பார்லர் பெண் தன் உழைப்பெல்லாம் போகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு தலையைக் குனிந்து நின்றாள்.

திரும்பி வந்தபோது பிள்ளை தேங்காய் எண்ணெய் தேய்த்துத் துடைத்த முகத்தோடு வந்தாள். முகம் பளபளத்தது. காதோரம் கொஞ்சம் வெள்ளை மிச்சம் இருந்தது. கண்ணிலிருந்து கழற்றிய லென்ஸை ஒரு துண்டுக் காகிதத்தில் சுருட்டி லாத்தாவின் கையில் வைத்துவிட்டு, பட்டுப்புடவையைச் சரிசெய்துகொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கூட்டத்தில் யாரோ 'யா அல்லாஹ்' என்றார்கள். மாப்பிள்ளையின் உம்மா கருகமணியை இரண்டு கையாலும் பிடித்தபடி அசையாமல் நின்றார்.

"மாமி, நான்தான்" என்றாள் பிள்ளை. "பொண்ணு பாக்க வந்தப்பப் பாத்தீகல்ல, அதே ஆளுதான். கட்டுங்க."

அவர் லாத்தாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, பிஸ்மில்லாஹ் என்று சொல்லிக் குனிந்தார். நான் கேமராவைத் தூக்கினேன். கட்டம் நேரே பிள்ளையின் கண்ணுக்குப் போய் நின்றது. எத்தனை கை குறுக்கே வந்தும், எத்தனை தலை மறைத்தும் அது நகரவில்லை. எடுத்த படமும் அசையவில்லை. திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். அவளுடைய இமைமுடி ஒவ்வொன்றும் தெரிந்தது. ஓரத்தில் லாத்தா நின்றாள், மங்கலாக.

விருந்து முடிந்து எல்லோரும் கிளம்பியதும் லாத்தா வந்து வழக்கப்படி கையை நீட்டினாள். நான் கார்டைக் கழற்றி அவளைத் தாண்டிப் போய்ப் பிள்ளையின் உள்ளங்கையில் வைத்தேன்.

"பெத்தவகிட்டத் தராம அவகிட்டத் தாரியே" என்றாள் லாத்தா. "நான் என்ன, அழிச்சிருவேனா?"

"நீதான லாத்தா அழிக்கச் சொன்ன."

அவளுக்கு அழுகை வந்தது. பிள்ளை கார்டை விரல்களுக்குள் இறுக மூடிக்கொண்டாள்.